மூன்று வருடம் இருந்த ரஃபேல்: கஸுகி இறந்ததால்தான் பேசுகிறோமா?

செப்டம்பர் 27, காலை. ஒரு வாசகர் கேட்டது:

விஷுவல் கேய், அதாவது முகப்பூச்சும் ஆடம்பர உடையுமாக மேடையேறும் ஜப்பானிய ராக், அது பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ரஃபேல் பெயரை எடுத்துவிடுகிறார்கள், உடனே பத்துப் பேர் கண்ணைக் கசக்குகிறார்கள். மொத்தமே மூன்று வருடம் இருந்த குழு. பள்ளிக்கூடப் பையன்கள். அந்த வகையின் முன்னோடிக் குழுவான எக்ஸ் ஜப்பானின் நகல். கிதார் வாசித்தவன் 19 வயதில் இறந்திருக்காவிட்டால் இந்நேரம் யாருக்கும் பெயர்கூட நினைவிருக்காது. இல்லை என்பவர்கள் பாட்டை வைத்துப் பேசுங்கள், சாவை வைத்துப் பேசாதீர்கள்.

செப்டம்பர் 27, இரவு

இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. வேலை முடிந்து டோக்கியோ பக்கத்துச் சைதாமா ரயிலில் நின்றுகொண்டே பாதி எழுதினேன், மீதி வீட்டில்.

தெரியாதவர்களுக்காக: ரஃபேல் 1997இல் தொடங்கிய குழு. நான்கு பேர். பாடுவது யூகி, கிதார் கஸுகி, பேஸ் யுகிதோ, டிரம்ஸ் ஹிரோ. பெயர் தேவதூதர் ரஃபேலிடமிருந்து எடுத்தது. 1998இல் சின்ன நிறுவனம் வழியாக 'லைலாக்' என்ற இசைத்தட்டு. 1999 ஜூலையில் பெரிய நிறுவனத்தில் முதல் சிங்கிள், 'ஹனா ஸகு இனோச்சி அரு ககிரி', அதாவது பூக்கிற உயிர் இருக்கும்வரை. 2000 மார்ச்சில் டோக்கியோவின் பெரிய அரங்கமான நிப்பான் புடோகானில் நிகழ்ச்சி. அதே வருடம் அக்டோபர் 31 அன்று கஸுகி இறந்தார், அமைதிப்படுத்தும் மாத்திரை அளவு மீறிப் போனதில். 2001 ஜனவரி 13இல் குழு கலைந்தது.

இனி நகல் விஷயம். வேகமான டிரம்ஸ், இரண்டு கிதார் சேர்ந்து பாடுகிற மாதிரி மெட்டு, திடீரென்று பியானோவோடு ஒரு சோகப் பாட்டு, இதெல்லாம் எக்ஸிடமிருந்து வந்ததுதான், யாரும் மறுக்கவில்லை. 1997இல் கிதார் எடுத்த ஜப்பானியப் பையன் எக்ஸைக் கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் எக்ஸில் கிதாருக்கு இரண்டு பேர், ஹிடேயும் பாட்டாவும். ரஃபேலில் ஒருவர்தான். இசைத்தட்டில் கேட்கும் அந்த இரட்டைக் கிதாரை ஒரே ஆள் தன்மேல் தானே வாசித்து அடுக்கியிருக்கிறார். பெரும்பாலான பாட்டுகளுக்கு மெட்டும் வரியும் எழுதியவரும் அவரேதான். பள்ளி வயதில். நகல் எடுக்கக்கூட இவ்வளவு உழைப்பு வேண்டுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

யூகியின் குரலும் எக்ஸ் குரல் இல்லை. எக்ஸின் பாடகர் டோஷி தொண்டை கிழிய ஏறுவார். யூகி தேவாலயத்தில் பாட விட்ட பையன் மாதிரி, சுத்தமாக, வார்த்தையை மெல்லாமல் பாடுவார். அடியில் டிரம்ஸ் ரயில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், மேலே அவர் பாட்டுக்கு வாத்தியாரிடம் ஒப்பிக்கிற மாதிரி பாடிக்கொண்டு போவார். இந்தப் பொருத்தமின்மைதான் எனக்குப் பிடித்தது.

செப்டம்பர் 28

நேற்று எழுதியதைப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. 'இறந்தார்', 'அவரேதான்', 'எழுதியவர்'. ஜப்பானியத்தில் இந்தத் தொல்லையே இல்லை, பெயரோடு சான் என்ற மரியாதைச் சொல்லைப் போட்டால் முடிந்தது, வினைச்சொல் அது பாட்டுக்குக் கிடக்கும். தமிழில் 'அவர்' போட்டவுடன் ஆளுக்கு நாற்பது வயதாகிவிடுகிறது. கஸுகி இறந்தது 19 வயதில், எனக்கு இப்போது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேள்வி கேட்டவர் 'வாசித்தவன்' என்று எழுதியபோது கோபம் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. இனி கஸுகி அவன். மற்ற மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள், நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, அவர்கள் அவர்.

செப்டம்பர் 29

ஒரு தோழி தனியாகக் கேட்டாள்: 16 வயதில் புடோகானில் வாசித்தார்களாமே, உண்மையா? இது எங்கும் சுற்றுகிற கதை, நானே சிலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை இல்லை. கஸுகி 1981 மார்ச் 7இல் பிறந்தவன். புடோகான் 2000 மார்ச் தொடக்கத்தில். 19 நிறைய இன்னும் சில நாள் பாக்கி. 16 என்பது ஏறக்குறையக் குழு தொடங்கிய வயது. இரண்டையும் யாரோ சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

புடோகான் 1964 ஒலிம்பிக்கில் ஜூடோவுக்காகக் கட்டியது. பதினான்காயிரம் பேர் வரை உட்காரலாம். 18 வயசுப் பையனுக்கு அது போதாதா? 16 ஆக்கினால்தான் வாய் பிளப்போமா?

செப்டம்பர் 29, பிறகு

இன்னொரு கணக்கு. அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் 'சொட்சுக்யோ', பட்டமளிப்பு. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், எல்லாப் பள்ளியிலும் மார்ச் என்றால் அழுகைதான். பையன்களுடைய கறுப்புச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானை, இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், பெண்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சமயம் பார்த்து இப்படிப் பெயர் வைத்தால் ரசிகைகள் என்ன ஆவார்கள் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் 1981 மார்ச்சில் பிறந்தவனுடைய வகுப்பு 1999 மார்ச்சிலேயே பள்ளியை முடித்திருக்கும். ஆக அவன் கணக்குப்படி அது ஒரு வருடம் தள்ளி வந்த பட்டமளிப்பு. 'லாஸ்ட் கிராஜுவேஷன்' என்று ஒரு பாட்டும் உண்டு, அதே வருடம். இதிலிருந்து ஏதாவது முடிவுக்கு வர வேண்டுமா என்றால், வேண்டாம். எனக்குக் கணக்குப் போடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அக்டோபர் 2

'இந்தக் குழுக்கள் ஏன் மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை, திறமை இல்லாததால்தானே' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஐயா, திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காசுக்குத்தான் சம்பந்தம்.

நான் 2011இல் ஜப்பானுக்கு மொழிப் பள்ளியில் படிக்க வந்தவள். இரவில் ஒரு இஸகாயாவின், அதாவது குடியும் சாப்பாடும் கிடைக்கும் கடையின், சமையலறையில் பகுதி நேர வேலை. அங்கே தட்டுக் கழுவ ஒரு பையன் வருவான், பேஸ் வாசிப்பவன். புருவம் இரண்டும் பாதிதான் இருக்கும். மேடையில் வேறு இடத்தில் வளைத்து வரைய வேண்டும் என்பதால் வெளிப்பக்கப் பாதியை மழித்துவிட்டிருந்தான். தலைமைச் சமையல்காரருக்கு அது சகிக்கவில்லை. 'உன்னைப் பார்த்தால் எப்போதும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே தட்டுக் கழுவுகிற மாதிரி இருக்கிறது' என்று சொல்லி, நெற்றியை மூடித் துண்டு கட்ட வைத்தார். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டிக்கெட் கட்டு இருக்கும், ரப்பர் வளையம் போட்டு.

அந்தக் கட்டுதான் விஷயம். இங்கே சின்ன அரங்கில் வாசிக்கப் போனால் அரங்கம் உங்களுக்குக் காசு தராது. நீங்கள்தான் தர வேண்டும். நோர்மா என்பார்கள். ஒரு குழுவுக்கு இத்தனை டிக்கெட் என்று தலையில் கட்டிவிடுவார்கள், விற்காததற்குக் குழு கைக்காசு போட வேண்டும். அவனுடைய கணக்கு, இருபது டிக்கெட், ஒன்று 2,500 யென். ஒருமுறை எட்டுத்தான் போயிற்று. மீதி 30,000 யென்னை நான்கு பேர் பங்கு போட்டுக் கட்டினார்கள். அரை மணி நேரம் வாசிப்பதற்கு! அதற்கு மேல் ஒத்திகை அறை வாடகை, தலைமுடிச் சாயம், உடை, வண்டி வாடகை. சம்பளம் வந்த மறுநாளே என்னிடம் கடன் கேட்பான். டிக்கெட்டாகவே திருப்பித் தருவான். அப்படித்தான் நான் முதல்முறை அரங்கத்துக்குள் போனேன்.

மூன்று வருடம் என்பது அந்த ஓட்டத்தில் மூச்சு தாங்குகிற தூரம். பதினெட்டில் தொடங்கினால் இருபத்தொன்று. வீட்டில் அம்மா வேலைக்குப் போ என்கிறாள். டிரம்ஸ்காரனுக்குக் காதலி. யாராவது ஒருவன் விலகினால் சீட்டுக்கட்டு சரிந்துவிடும். 'இசைப் பார்வையில் வேறுபாடு' என்று அறிக்கை வரும், எல்லாக் குழுவுக்கும் அதே வாசகம். நம்ம பேஸ் பையனின் குழு ஒன்றரை வருடம். கடைசி நிகழ்ச்சியில் முதல்முறையாக இருபது டிக்கெட்டும் விற்றுப்போயிற்று. கலைகிறார்கள் என்றால்தான் எல்லோரும் வருகிறார்கள்.

அக்டோபர் 3

நேற்றைய குறிப்பில் விட்டது. ரஃபேல் இந்த வகையில் கலைந்த குழு இல்லை. அவர்களுக்குப் புடோகான் கிடைத்தது, பெரிய நிறுவனம் கிடைத்தது. சுழல் ஏணியில் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். நான் என் கதையைச் சொல்லும் ஆசையில் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போய்விட்டேன். ஆனால் அவசரம் மட்டும் ஒன்றுதான். 1999 கோடையிலிருந்து 2000 இலையுதிர் காலம் வரை, பதினைந்து பதினாறு மாதத்துக்குள் எத்தனை சிங்கிள், எத்தனை ஆல்பம். பெரிய நிறுவனம் கையெழுத்துப் போட்டதும் பையன்களைத் தறியில் மாட்டிவிடும்.

அக்டோபர் 5

'அந்தக் காலத்தில் குழுக்கள் ரசிகைகளோடு செகி எடுத்து விற்றே பிழைத்தன' என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். செகி என்பது உடனே கையில் வரும் சின்னப் புகைப்படம். இன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் அதற்குத்தான் வரிசை, பாட்டுத் தட்டைவிட அதில்தான் வருமானம். ஆனால் அந்தக் கேமராவை ஃபியூஜி கொண்டுவந்ததே 1998 இறுதியில். ரஃபேல் தொடங்கியபோது அந்தப் பொருளே கிடையாது. இந்தப் பிழைப்பெல்லாம் பின்னால் வந்தது. தொண்ணூறுகளில் பிழைப்பு நாடாவில். டெமோ நாடாவை அரங்க வாசலில் சும்மாவே கொடுப்பார்கள், அரங்கில் மட்டும் கிடைக்கும் என்று சில நாடா விற்பார்கள். அப்புறம் ஷாக்ஸ் மாதிரிப் பத்திரிகைகள், பின்னிரவில் பிரேக் அவுட் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி. டோக்கியோவுக்கு வர முடியாத ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

அக்டோபர் 9

கை அசைவு பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், விஷுவல் கேய் அரங்கில் ஒவ்வொரு பாட்டுக்கும் ரசிகைகளுக்குத் தனி அசைவு உண்டு, யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள், முன்வரிசையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல்நாள் நான் எல்லாவற்றையும் அரை நொடி தாமதமாகச் செய்தேன், பள்ளி ஆண்டுவிழாக் கூட்டு நடனத்தில் கடைசி வரிசையில் நின்ற ஞாபகம் வந்தது. அதில் ஒன்றுக்குப் பெயர் 'ஸகி', பூத்தல். தனக்குப் பிடித்தவன் தனியாக வாசிக்கும்போது இரண்டு கையையும் விரித்து அவன் பக்கம் நீட்டுவது. மேடையிலிருந்து பார்த்தால் இருட்டில் நூறு கைகள் ஒரே பக்கமாக மலர்ந்து நிற்கும். நம்ம ஊர் சாமி ஊர்வலத்தில் தீபாராதனைக்கு நீளும் கைகள் மாதிரி என்று எழுதி அழித்தேன். அது வேண்டிக்கொள்ளும் கை. இது, எப்படிச் சொல்வது, 'இங்கே பார், இங்கே பார்' என்கிற கை.

கஸுகி என்ற பெயரை எழுதும் எழுத்துகளில் முதலாவது பூ, இரண்டாவது நிலா. வைத்துக்கொண்ட பெயர்தான். முதல் சிங்கிளின் பெயரிலும் பூக்கிறது. அரங்கிலும் பூக்கிறது. இதையெல்லாம் கோத்து மாலை கட்டுவது ரொம்பச் சுலபம், ரசிகர் எழுத்துகளில் பாதி இந்த மாலைதான். நானே இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள்.

அக்டோபர் 14

மறுப்பு எழுதிய எனக்கே இப்போது கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கிறது.

நான் ரஃபேலை எப்படிக் கேட்டேன்? உண்மையைச் சொல்கிறேன். 2012 இலையுதிர் காலத்தில் அந்தப் பேஸ் பையன்தான் ஒரு துண்டுத்தாளைக் காட்டினான். மீதி மூன்று பேர் மறுபடி சேர்ந்து, அக்டோபர் 31, நவம்பர் 1, இரண்டு நாள் ஸெப் டோக்கியோ என்ற அரங்கில். கிதாருக்கு வேறு குழுக்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 'ஏன் இந்தத் தேதி' என்று கேட்டேன். 'அன்றைக்குத்தான் அவன் இறந்தான்' என்றான். அப்புறம்தான் காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தான். ஆக ஒரு சுருதி கேட்பதற்கு முன்னாலேயே எனக்குச் சாவு தெரியும். அதன் பிறகு கேட்ட முதல் பாட்டு 'பூக்கிற உயிர் இருக்கும்வரை'. நான் அழுதேன். எதற்கு அழுதேன்? பாட்டுக்கா?

கேள்வி கேட்டவர் சொன்னது என் விஷயத்தில் சரி.

நிகழ்ச்சிக்கும் போகவில்லை. அந்த டிசம்பரில் எனக்கு மொழித் தேர்வு, கையில் காசும் இல்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். 2016இல் இன்னொரு முறை கூடினார்கள், அத்தோடு முடித்துக்கொண்டார்கள். அப்போது என்ன சாக்கு என்றுகூட நினைவில்லை. ஸெப் டோக்கியோவும் மூடியாகிவிட்டது. ஒதாய்பாவில் அதன் பக்கத்தில் நின்ற ராட்டினத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

அக்டோபர் 15

'பணத்துக்காகக் கூடினார்கள்' என்று எழுதியவருக்கு: இருக்கட்டுமே. யூகியும் ஹிரோவும் 2001இலேயே ரைஸ் என்று தொடங்கித் தொடர்ந்து பாடுகிறார்கள். ரஃபேல் மூன்று வருடம், ரைஸ் இருபது வருடத்துக்கு மேல். நாம் எதைப் பற்றி இழை ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பாருங்கள். அவர்கள் பக்கத்திலிருந்து யோசித்தால் நம் கண்ணீர் ரொம்பவே எரிச்சலாக இருக்கும்.

அக்டோபர் 20

ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் தம்பி மதுரையில் இருக்கிறான், ஜப்பானிய இசை பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அனிமேதான். பெயர், வருடம், கதை எதுவும் சொல்லாமல் மூன்று பாட்டு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது, அப்படியே தருகிறேன்: 'அக்கா, முதல் பாட்டு செம. பாடுறவன் பரீட்சைக்கு லேட்டா ஓடுறான், பின்னாடி டிரம்ஸ்காரன் ஹால் டிக்கெட்டை எடுத்துட்டுத் துரத்துறான். ரெண்டாவது ஸ்லோ பாட்டு கொஞ்சம் ஓவர். மூணாவதுல கிதார் நல்லாருக்கு, ஆனா நிறுத்த மாட்டேங்கிறான்.'

அந்த முதல் பாட்டு 'பூக்கிற உயிர் இருக்கும்வரை'.

ரொம்ப நேரம் சிரித்தேன். பிறகு அந்தப் பாட்டை மறுபடி போட்டேன், முதல்முறையாக ஹால் டிக்கெட் கேட்டது. உற்சாகமான பாட்டு அது! முழுக்க அவசரம். பதினெட்டு வயதுக்காரன் தன்னிடம் இருக்கிற எல்லா உத்தியையும் ஒரே பாட்டில் கொட்டிவிட வேண்டும் என்று எழுதியது, அடுத்த பாட்டுக்கு மிச்சம் வைக்கும் புத்தி இன்னும் வரவில்லை. நான் பத்து வருடத்துக்கும் மேலாக இதை ஒப்பாரியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி சொன்ன 'கொஞ்சம் ஓவர்' என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சோகப் பாட்டுகளில் சில உண்மையிலேயே நீளம். வயசு அப்படி.

அக்டோபர் 22

'உன் தம்பிக்கு ஜப்பானியம் தெரியாது, வரிகள் புரிந்திருந்தால் அழுதிருப்பான்' என்கிறார்கள். வரிகளில் சாவு, பிரிவு, இரத்தம், தேவதை எல்லாம் உண்டுதான். விஷுவல் கேயில் எந்தக் குழுவின் வரிகளில் இல்லை? காய்கறிக் கடைக்காரர் பற்றி யாராவது பாடியிருந்தால் சொல்லுங்கள். ஆள் உயிரோடு இருந்தால் அது அலங்காரம், இறந்துவிட்டால் வாக்குமூலம் என்று நாம்தான் மாற்றிப் படிக்கிறோம். அவன் வேண்டுமென்றே செய்தானா என்று இங்கே சிலர் வரியை எடுத்துவைத்துத் துப்பறிகிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அக்டோபர் 26

இதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிடுவேன். அன்றைய ரசிகைகளின் கண்ணீரை நாடகம் என்று சொல்ல மாட்டேன். 1997 டிசம்பர் 31இல் டோக்கியோ டோம் அரங்கில், எக்ஸ் கலைந்தபோது நடந்த கடைசி நிகழ்ச்சி. 1998 மே 2இல் ஹிடே இறந்தார், சுகிஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்கு வந்த கூட்டம் பல பத்தாயிரம். 1999 ஜூன் 21இல் மாலிஸ் மைசர் என்ற குழுவின் டிரம்ஸ்காரர் காமி, 26 வயது, மூளையில் இரத்தக்கசிவு. 2000 அக்டோபர் 31இல் கஸுகி. 1998இல் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இந்த உலகத்துக்குள் வந்திருந்தால், பதினாறு முடிவதற்குள் மூன்று பேருக்குப் பூ வைத்திருப்பாள். அந்த 2000 டிசம்பர் இறுதியில் லூனா ஸீ என்ற குழுவும் டோக்கியோ டோமில் திரையை இறக்கியது. எல்லாக் கதவும் சாத்துகிற மாதிரி இருந்திருக்கும்.

நான் சொல்வது பிறகு வந்த நம்மைப் பற்றித்தான். நாம் தேதி தெரிந்து கேட்பவர்கள்.

அக்டோபர் 31

டோக்கியோவில் ஷிபுயா பக்கம் போகும் ரயில் முழுக்கப் பூனைக்காது, போலி இரத்தம். 2000இல் ஹாலோவீன் இங்கே இப்படிக் கிடையாது, இது பின்னால் வந்த கூத்து. எதிரே உட்கார்ந்திருந்த பையன் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கறுப்பு மேலங்கி. ஒரு நொடி நெஞ்சு திடுக்கென்றது. காட்டேரி வேஷமாம். உதட்டுச் சாயம் பல்லில் ஒட்டியிருந்தது.

நவம்பர் 1

இன்றைக்கு ரஃபேலின் 'அகிகாஸே நோ ராப்ஸோடி' சிங்கிள் வந்த நாள். இலையுதிர்காலக் காற்றின் ராப்ஸோடி. அவன் இறந்ததற்கு மறுநாள் வெளியீடு. தட்டு அச்சாகி, பெட்டியில் அடுக்கி, லாரி ஏறி எல்லாம் ஆகிவிட்டது, யாராலும் நிறுத்த முடியாது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வெளியீட்டுத் தேதி என்று அட்டையில் போட்டிருக்கும் நாளுக்கு முந்தைய நாளே தட்டுகள் கடைக்கு வந்துவிடும், பெரும்பாலான கடைகள் அன்று மாலையே அலமாரியில் வைத்துவிடும். விஷயம் தெரிந்த ரசிகைகள் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குத்தான் போவார்கள். நான் பல வருடம் இங்கே தட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் இந்தத் தேதியோடு சேர்த்து யோசித்ததே இல்லை. 31ஆம் தேதி சாயங்காலம் ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தி சீருடையோடு அதை வாங்கி, வீட்டுக்கு ஓடி, சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிடுவதற்குள் இரண்டு தடவை போட்டுக் கேட்டிருப்பாள். அவளுக்கு அது ரஃபேலின் புதுப் பாட்டு. முந்தியதைவிட நன்றாக இருக்கிறதா, கிதார் எங்கே வருகிறது, அடுத்த நிகழ்ச்சியில் கை எப்படி அசைக்க வேண்டும்.

செய்தி அதன் பிறகுதான்.

கேள்வி கேட்டவர் 'சாவை வைத்துப் பேசாதீர்கள்' என்றார். அது முடிந்தவர்கள் அன்று தட்டு வாங்கிய அந்த ரசிகைகள் மட்டும்தான், அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான்.

நவம்பர் 2

மேலே எழுதியது கொஞ்சம் சினிமாத்தனமாகிவிட்டது. என் தம்பியும் சாவு தெரியாமல்தான் கேட்டான், அவனை மறந்துவிட்டேன். அவனிடம் இப்போது கதையைச் சொல்லலாமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். 'அக்கா அந்த பரீட்சைப் பாட்டு பேண்டு வேற பாட்டு இருந்தா அனுப்பு' என்று கேட்டிருக்கிறான்.

இன்னும் சொல்லவில்லை. அனுப்பினேன்.

நவம்பர் 9

கடைசியாக ஒன்று, பிறகு நான் வேறு வேலையைப் பார்க்கிறேன்.

பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் ரஃபேலின் 'மைண்ட் சோப்' ஆல்பம் கிடைத்தது, வரி சேர்த்து 280 யென். முதுகில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை இல்லை, அதனால்தான் இந்த விலை. பட்டை இருந்தால் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். வீட்டில் வந்து பாட்டுப் புத்தகத்தை உருவினால் நடுவிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. அந்தக் காலத் தட்டுகளில் எல்லாம் இருக்கும், நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கருத்து அட்டை. வயது, தொழில், எப்படித் தெரிந்துகொண்டீர்கள், பிடித்த பாட்டு எது.

நிரப்பியிருந்தது. பென்சில், உருண்டை எழுத்து. பெயரும் முகவரியும் இருந்தன, அதை எழுத மாட்டேன். வயது 14. தொழில், மாணவி. எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்பதில் 'நண்பர் மூலம்' வட்டம் போட்டு, பக்கத்தில் 'பத்திரிகையும்'. ஓரத்தில் அவளாகவே பிடித்த உறுப்பினர் என்று எழுதி, ஹிரோ. அதற்கு இரண்டு கோடு.

கடைசியில் குழுவினருக்குச் சொல்ல விரும்புவது என்று மூன்று வரி இடம். ஒரு வரி முழுக்க அழித்து அழித்துத் தாள் மெலிந்திருந்தது. கீழே எழுதியிருந்ததை அகராதி பார்த்து உறுதி செய்துகொண்டேன், சரியாகத்தான் படித்திருக்கிறேன்: ஹிரோ சான் புகைப்படங்களில் இன்னும் கொஞ்சம் சிரித்தால் நன்றாக இருக்கும், எப்போதும் பசியோடு இருக்கிற மாதிரித் தெரிகிறார். எங்கள் ஊருக்கும் ஒருமுறை வாருங்கள், கூட்டம் வரும், எங்கள் வகுப்பிலேயே ஆறு பேர் இருக்கிறோம்.

கஸுகி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பின்பக்கம் 50 யென் தபால்தலை ஒட்டச் சொல்லும் கட்டம் காலி. அட்டையைப் புத்தகத்துக்குள் இருந்த பக்கத்திலேயே திருப்பி வைத்தேன். ஹிரோ படம் இருக்கிற பக்கம். உண்மையில் பசிக்கிற முகம்தான்.